செம்புக்கு எட்டுப் புள்ளி போதும்

ரைனோ படிக்கிற நண்பர்கள் தங்கட கோப்புகளை எங்களுக்கு அனுப்பி "ஒருக்கா பாருங்கோ" எண்டு கேட்பதுண்டு. திறந்து, வளையியைத் தெரிவுசெய்து, எஃப் 10 ஐ அழுத்தினால் திரை முழுக்கப் புள்ளிகள் நிறையும். வீட்டில் தண்ணி குடிக்கிற செம்பு ஒன்றின் பக்கக்கோடுதான் அது. அதற்கு நாற்பது புள்ளி, சிலவேளை அறுபது. தூரத்தில் வைத்துப் பார்த்தால் செம்பு மாதிரித்தான் இருக்கும். கிட்டக் கொண்டுவந்து வெளிச்சத்தைத் திருப்பினால் வயிற்றுப்பகுதி முழுக்க நெளிவு. கீழே விழுந்து அடிபட்ட செம்பைத் தட்டி நிமிர்த்தினது மாதிரி.

இதை நாங்கள் அந்த நண்பர்களின் பிழையாகப் பார்க்கவில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முறையிலேயே பிழை இருக்கிறது. மூன்று மாத வகுப்பில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கு எண்டு காட்டுகிறார்கள். படத்தைப் பின்னால் வைத்து, ஓரத்தைப் பிடித்து, கிளிக், கிளிக், கிளிக் எண்டு புள்ளி வைத்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள். "படத்தோட பொருந்தேல்லையா? இன்னும் ரெண்டு பொயின்ற் போடுங்கோ." கனபேர் வகுப்பில் கேட்ட ஒரே விளக்கம் இதுதான்.

இந்தப் பழக்கத்துக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை. ஒரு வடிவத்தைத் தாங்கப் போதுமான மிகக் குறைந்த புள்ளிகளோடு வேலை செய்யப் பழகவேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. இதை வேலை செய்து கொஞ்சக் காலம் போனவர்களுக்கு உரிய மேல்வகுப்பு நுணுக்கமாக ஒதுக்கிவைக்க முடியாது. முதல் நாளே சொல்லவேண்டிய பாடம் இது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த எங்கட பிள்ளைகளுக்கு அதைச் சொல்லத் தேவையான சொற்கள் ஏற்கெனவே தமிழில் தெரியும்: வளையி, தொடலி, படி, நிறை. அந்தச் சொற்களையும் இந்தத் திரையையும் ஒருத்தரும் சேர்த்துக் காட்டவில்லை.

முதலில் அந்தப் புள்ளி என்ன செய்கிறது எண்டு பார்ப்போம்.

நேர்ப்ஸ் வளையியின் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைத் திறந்து பார்ப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, "ஏன் கோடு புள்ளிக்கு மேலாலை போகேல்லை?" என்பதுதான். சாதாரணமாக வரைகிற திறந்த வளையி முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் தொடும். இடையில் உள்ளவை பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே நிற்கும். காரணம் எளிது. படி மூன்று உள்ள வளையியில் எந்த இடத்தை எடுத்தாலும், அந்த இடம் பக்கத்திலுள்ள நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் நிறையிட்ட சராசரி. அவ்வளவுதான் விசயம். வளையியின் வழியே நகர நகர அந்த நான்கு புள்ளிகளுக்கும் உரிய பங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக் குறையும். ஒரு புள்ளியின் பங்கு முற்றாக இல்லாமல் போகிற இடத்தில் அடுத்த புள்ளி உள்ளே வரும். வகுப்பில் நான்கு பேரின் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் அது நால்வரில் கூடியவரின் புள்ளியைத் தாண்டாது, குறைந்தவரின் புள்ளிக்குக் கீழேயும் போகாது. இங்கேயும் அப்படித்தான். வளையி தன்னுடைய புள்ளிகளுக்கு நடுவே நிற்கும், அவற்றைத் தாண்டி வெளியே பாயாது.

இது விளங்கினால் பாதி வேலை முடிஞ்சுது. செம்பின் வயிறு வெளியே தள்ளவேண்டும் எண்டால் புள்ளியை உலோகத்தின் மேல் வைக்கக்கூடாது. அதற்கும் வெளியே, வெறும் காற்றில் வைக்கவேண்டும். அப்போதுதான் சராசரி வந்து சரியான இடத்தில் விழும். படத்தின் ஓரத்திலேயே ஒவ்வொரு புள்ளியையும் வைக்கிறவருக்குக் கோடு எப்போதும் கொஞ்சம் உள்ளே விழும். உடனே "பொருந்தேல்லை" எண்டு இன்னும் புள்ளி சேர்ப்பார். நெளிவு தொடங்குவது அங்கேதான்.

இப்போது செம்பை வரைவோம். படி மூன்று, எட்டுப் புள்ளி. முதலாவது, அடியின் ஓரத்தில். இரண்டாவது, கோடு அடியிலிருந்து எந்தத் திசையில் கிளம்பவேண்டும் என்பதைச் சொல்ல. முதல் புள்ளியையும் இரண்டாவதையும் இணைக்கிற நேர்கோடுதான் அந்த முனையின் தொடலி. மூன்றாவதும் நான்காவதும் வயிற்றுக்கு, நல்லா வெளியே. ஐந்தாவது தோளுக்கு. ஆறாவது கழுத்துக்கு, உள்ளே இழுத்து. ஏழாவது, வாய் எந்தப் பக்கமாக விரியவேண்டும் எண்டு சொல்ல. எட்டாவது வாயின் விளிம்பில். பிறகு நடு அச்சில் சுற்றிவிட்டால் செம்பு வந்துவிடும்.

வயிறு இரண்டு மில்லிமீற்றர் பெருக்கவேணும் எண்டு வாடிக்கையாளர் சொன்னால்? மூன்றாவது, நான்காவது புள்ளிகளைப் பிடித்து வெளியே தள்ளுங்கள். முழு வயிறும் தோளும் சேர்ந்து அசையும், ஒரு இடத்திலும் முறியாது. இதே மாற்றத்தை நாற்பது புள்ளி உள்ள கோப்பில் செய்துபாருங்கள். படி மூன்று வளையியில் ஒரு புள்ளியை அசைத்தால் அதிகபட்சம் நான்கு துண்டுகள்தான் அசையும். எட்டுப் புள்ளி எண்டால் மொத்தமே ஐந்து துண்டுகள், அதனால் நடுப்புள்ளி ஒன்று வளையியின் பெரும்பகுதியைக் கூட்டிக்கொண்டு போகும். நாற்பது புள்ளி எண்டால் முப்பத்தேழு துண்டுகள். ஒரு புள்ளி அசைந்தால் வளையியின் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு மட்டும் அசையும். அது வயிறாக வராது, ஒரு புடைப்பாகத்தான் வரும். அதைச் சரிசெய்யப் பக்கத்துப் புள்ளி, அதைச் சரிசெய்ய அதற்குப் பக்கத்துப் புள்ளி எண்டு விடியும்வரை இருக்கவேண்டியதுதான். ஒவ்வொரு புள்ளியையும் கண்ணளவில் சரியாக வைக்க எந்த மனிதக் கையாலும் முடியாது.

நெளிவு இருக்கா இல்லையா எண்டு கண்ணை நம்பத் தேவையில்லை. ரைனோவில் வளைவு வரைபு எண்டு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் வளையியில் இருந்து மயிர் மாதிரிக் கோடுகள் கிளம்பி ஒரு சீப்பு வடிவம் வரும். வளைவு எங்கே கூடவோ அங்கே பல்லு நீளம், எங்கே குறையவோ அங்கே கட்டை. வளைவு பக்கம் மாறுகிற இடத்தில் சீப்பும் மற்றப் பக்கம் பாயும். செம்புக்கு அது ஒரே ஒரு தரம்தான் பாயவேண்டும், தோளில் இருந்து கழுத்துக்குப் போகிற இடத்தில். எட்டுப் புள்ளிச் செம்பில் சீப்பு இரண்டு மெதுவான மேடாக வரும். நாற்பது புள்ளிச் செம்பில் பன்றியின் முதுகு மயிர் மாதிரி நிற்கும். இந்த ஒரு படத்தை முதல் வாரமே காட்டினால் மிச்சத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

இந்தச் சிந்தனை கணினியோடு வந்ததும் இல்லை. ஸ்பிளைன் என்ற சொல்லே கப்பல் கட்டுகிறவர்களிடமும் வரைபடக்காரர்களிடமும் இருந்து வந்தது. வளையக்கூடிய மெல்லிய மரப்பட்டையை அவர்கள் அப்படி அழைத்தார்கள். அதை வரைபலகையில் வளைத்து, அங்கங்கே ஈயக்கட்டிகளை வைத்துப் பிடிப்பார்கள். அந்தக் கட்டிகளுக்கு வாத்து எண்டு பட்டப்பெயர். மரப்பட்டை தானாகவே மிகக் குறைந்த சிரமத்தோடு வளையப் பார்க்கும், அதனால் கோடு அழகாக விழும். வாத்துகளைக் கூட்டினால் பட்டை தன் இயல்பில் வளையமுடியாமல் நெளியும். சந்தேகம் எண்டால் வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் கட்டுகிற ஆக்களைக் கேட்டுப்பாருங்கோ. சீவின மூங்கிலை வளைத்து நூலால் இழுத்துக் கட்டும்போது எத்தனை இடத்தில் கட்டுவார்கள்? தேவையான இடத்தில் மட்டும். மிச்ச வளைவை மூங்கிலே பார்த்துக்கொள்ளும். விரலுக்கு விரல் நூல் கட்டினால் அந்த மூங்கில் வில்லாக நிற்காது.

இந்த மரப்பட்டை வேலை கணக்காக மாறியது பிரான்சின் கார் தொழிற்சாலைகளில். சிட்ரோன் நிறுவனத்தில் போல் டி காஸ்டெல்ஜோ 1959 இல் இதற்கான வழியைக் கண்டார். நிறுவனம் அதை வெளியே விடாமல் வைத்திருந்தது. ரெனோல்ட் நிறுவனத்தில் பியேர் பெசியே 1960களில் அதே இடத்துக்குத் தனியாக வந்து சேர்ந்து, அதை வெளியிட்டார். இண்டைக்கு உலகம் முழுக்க அந்த வளையிக்குப் பெசியே பெயர்தான். பிறகு 1975 இல் அமெரிக்காவின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் கென் வேர்ஸ்பிரில் தன் கலாநிதிப் பட்ட ஆய்வில் ஸ்பிளைன்களுக்கு நிறையையும் சேர்த்தார். சீரற்ற, விகிதமுறு, அடிப்படை ஸ்பிளைன் எண்டு நீளமாகச் சொல்லவேண்டியதன் சுருக்கம்தான் நேர்ப்ஸ். நேர்கோடு, வட்டம், பரவளைவு, கையால் இழுத்த கோடு எல்லாத்தையும் ஒரே கணக்கில் எழுத முடிந்ததால் தொழிற்சாலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. ரைனோவின் முதற் பதிப்பு 1998 இல் வந்தபோது, பெரிய நிறுவனங்களின் இயந்திரங்களில் மட்டும் இருந்த இந்த வித்தை சாதாரண மேசைக் கணினிக்கு இறங்கியது.

சீரற்ற என்ற சொல் முடிச்சுகளைப் பற்றியது. வளையி துண்டு துண்டாகப் பொருத்தப்பட்டது எண்டு சொன்னோமே, அந்தப் பொருத்துகள்தான் முடிச்சு. ரைனோவில் இன்சேர்ட் நொட் எண்டு ஒரு கட்டளை இருக்கு. அதைக் கொடுத்தால் ஒரு புள்ளி கூடும், பக்கத்துப் புள்ளிகள் கொஞ்சம் இடம் மாறும், ஆனால் வளையியின் வடிவம் மயிரளவும் மாறாது. இன்சேர்ட் கொண்ட்ரோல் பொயின்ற் எண்டு இன்னொன்று. அதிலும் புள்ளி கூடும், வடிவமும் மாறும். இரண்டையும் ஒன்றெண்டு நினைத்துப் பாவிக்கிறவர்கள் கனபேர்.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு சமனின்மை இருக்கிறது. முடிச்சு மூலம் புள்ளியைக் கூட்டினால் வடிவம் மாறாது. ஆனால் புள்ளியைக் குறைத்தால் பெரும்பாலும் மாறும். ரீபில்ட் கட்டளையில் அறுபதைப் பத்தாக்கலாம். ஆனால் அது கிட்டத்தட்டப் பொருந்துகிற புதுக் கோடு ஒன்றைப் போட்டுவிட்டு, அதிகபட்சம் எவ்வளவு விலகியிருக்கிறது எண்டு ஒரு எண்ணையும் காட்டும். ஆக, குறைவில் இருந்து கூடுதலுக்குப் போகிற வழி திறந்திருக்கு. திரும்பி வருகிற வழியில்தான் இழப்பு. அப்படியிருக்க ஏன் கூடுதலில் தொடங்கவேண்டும்? எட்டில் தொடங்குங்கள். கழுத்தில் இன்னும் நுணுக்கம் வேணும் எண்டால் கழுத்தில் மட்டும் ஒரு முடிச்சைச் சேருங்கள். அடிக்கும் வயிற்றுக்கும் தேவையில்லாத புள்ளி போகாது.

வளையியில் செய்த பிழை மேற்பரப்பில் பல மடங்காகும். மூன்று வளையிகளைக் குறுக்காக வைத்து மேலே ஒரு தோல் போர்த்துகிறீர்கள் எண்டு வைப்போம். ஒன்றில் ஏழு புள்ளி, ஒன்றில் பதினொன்று, ஒன்றில் இருபது. மென்பொருள் மூன்றையும் பொருந்தவைக்க எல்லா முடிச்சுகளையும் ஒன்றாகச் சேர்க்கும். மேற்பரப்பு மீன்வலை மாதிரி வரும். பிறகு அதில் ஒரு இடத்தையும் கையால் திருத்தமுடியாது. இதற்கு மருந்து லேசானது. முதல் வளையியை ஒழுங்காக வரையுங்கள். அதையே பிரதி எடுத்து மற்ற இடங்களில் வைத்து, புள்ளிகளை மட்டும் அசைத்து வடிவத்தை மாற்றுங்கள். மூன்றுக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே முடிச்சு ஒழுங்கு. தோல் துணி மாதிரி விழும்.

நிறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு புள்ளியின் நிறையைக் கூட்டினால் வளையி அதன் பக்கம் இழுபடும். பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் கையால் வரைகிற வடிவங்களுக்கு அதைத் தொடாமல் விடுவதே நல்லது எண்டு நாங்கள் சொல்வோம். எது எங்கே இழுக்கிறது எண்டு ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கிற உங்களுக்கே விளங்காது. நிறை உண்மையில் வேலை செய்யும் இடம் வட்டம். கால்வட்டத்தைச் சரியாக எழுத, நடுப்புள்ளிக்கு நிறை சைன் 45 பாகை, அதாவது ஏறத்தாழ 0.707. சாதாரணப் பல்லுறுப்பியால் சரியான வட்டம் வராது. நிறை சேர்ந்தால் வரும்.

அதனால்தான் வட்டத்தை எடுத்துப் புள்ளியை இழுக்கக்கூடாது. அது நான்கு கால்வட்டங்களை ஒட்டிச் செய்தது. ஒரு புள்ளியை இழுத்தவுடன் ஒட்டில் கூர் விழும். மோதிரத்தின் உள்வட்டத்தை இழுத்து முட்டை வடிவமாக்கப் போய், ஏன் மூலை வந்தது எண்டு தெரியாமல் தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வட்டத்தை உருமாற்றவேணும் எண்டால் வரையும்போதே உருமாறக்கூடிய வட்டம் என்ற தெரிவை எடுங்கள். அது சரியான வட்டத்துக்கு மிகக் கிட்டவாக இருக்கும், ஆனால் எங்கே இழுத்தாலும் கூர் வராது.

இரண்டு வளையிகள் சந்திக்கிற இடத்துக்கும் இதே கணக்கு. முனையில் ஒரு புள்ளி பொருந்தினால் தொடுகை மட்டும். இரண்டாவது புள்ளியும் ஒரே நேர்கோட்டில் நின்றால் தொடலி பொருந்தும். மூன்றாவதும் சரியான இடத்தில் நின்றால் வளைவும் பொருந்தும், அப்போதுதான் வெளிச்சம் அந்த இடத்தில் உடையாமல் ஓடும். ரயில் நேர்ப்பாதையில் இருந்து வட்டத்துக்குள் நேரடியாகத் திரும்பினால் ஆக்கள் ஒரு பக்கம் சாய்வார்கள். அதனால்தான் இடையில் மெல்ல மெல்ல வளைகிற பாதை ஒன்றைப் போடுகிறார்கள். ஆக ஒரு முனைக்கு மூன்று புள்ளி, இரண்டு முனைக்கு ஆறு. இரண்டு பக்கமும் வளைவு பொருந்துகிற இணைப்புக் கோட்டுக்கு ஆறு புள்ளி போதும், படி ஐந்து. நல்ல மேற்பரப்பு வேலையில் அடிக்கடி வருகிற எண் இது. பொருத்தி முடித்த பிறகு அந்த மூன்று புள்ளிகளையும் தொடாதீங்கோ. திருத்தம் வேணும் எண்டால் நடுவில் முடிச்சைச் சேர்த்து அங்கே திருத்துங்கள்.

இதற்கு எதிராக நண்பர்கள் சொல்கிறவற்றையும் பார்ப்போம்.

"ரெண்டர் வடிவாத்தானே வருது, பிறகென்ன?" உண்மை. இன்ஸ்ரகிராமில் போடுகிற படத்துக்கு அறுபது புள்ளியும் காணும். ஆனால் படம் பொருளாகிற அன்றைக்குக் கணக்கு மாறும். நகைக்கு மெழுகில் அச்சடித்து வார்க்கிறபோது ஒவ்வொரு நெளிவும் பொன்னில் விழும். அதை அரத்தால் தேய்த்து எடுக்கவேண்டும். தேய்கிறது பொன். கண்ணாடியிழைப் படகுக்கு அச்சு செய்தால், அச்சில் உள்ள ஒரு புடைப்பு அதில் இருந்து பிறக்கிற ஒவ்வொரு படகின் பக்கத்திலும் இருக்கும். வெட்டுகிற இயந்திரத்துக்கு ரெண்டர் தெரியாது. அது வளையியைத்தான் பின்தொடரும்.

"இப்ப சப்டி வந்திட்டுதே, அதில இழுத்து எடுக்கலாம்." ரைனோ ஏழாம் பதிப்பில் இருந்து அதுவும் இருக்கு, நல்ல கருவி. ஆனால் அதைத் திறந்து பாருங்கள். அங்கேயும் வெளியே ஒரு கூடு, உள்ளே மிருதுவான வடிவம். அங்கேயும் கூட்டில் தேவையில்லாத முனைகளைக் கூட்டினால் இதே நெளிவு. கருவி மாறினாலும் பாடம் மாறவில்லை.

"சில வேலைக்குக் கனக்கப் புள்ளி வேண்டும்தானே?" ஓம், வேண்டும். நில அளவையில் எடுத்த சமவுயரக் கோடு, கடற்கரையின் ஓரம், உடைந்த சிற்பம் ஒன்றின் முப்பரிமாண ஸ்கான் என்பவற்றில் ஒவ்வொரு புள்ளியும் அளந்து எடுத்த உண்மை. அங்கே புள்ளிகளுக்கு மேலாலேயே போகிற வளையிதான் சரி. நாங்கள் கதைப்பது நீங்கள் தீர்மானிக்கிற வடிவங்களைப் பற்றி. அளந்ததற்கு அளவு எவ்வளவோ அவ்வளவு புள்ளி. தீர்மானிப்பதற்கு தீர்மானம் எத்தனையோ அத்தனை புள்ளி. செம்பில் நீங்கள் எடுக்கிற தீர்மானங்களை எண்ணிப்பாருங்கள்: அடி, வயிறு, தோள், கழுத்து, வாய். அறுபது தீர்மானம் எடுத்தீர்களா?

குறைப்பதிலும் அளவு உண்டு. நான்கு புள்ளியில் செம்பை அடக்கப்போய், பொருந்தாத இடத்தில் நிறையைக் கூட்டிச் சமாளிப்பதும் பிழைதான். உண்மையான மூலை இருக்கிற இடத்தில், உதாரணத்துக்கு வாயின் தடித்த விளிம்பு தொடங்குகிற இடத்தில், வளையியை முடித்து வேறொன்றைத் தொடங்குங்கள். ஒரே கோட்டுக்குள் மூலையையும் வளைவையும் திணிக்கப்போனால் அங்கேயும் புள்ளி குவியும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறோம்? யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக்கு வடிவமைப்பு வேலை செய்து பிழைக்கலாம் எண்டு நம்பிக் கணினி வாங்குகிற இளம் ஆக்கள் இருக்கிறார்கள். தோட்டத்திலும் கடலிலும் உழைத்த அப்பா அம்மாவின் காசு அது. வகுப்புக்கும் காசு கட்டுகிறார்கள். முடிவில் சான்றிதழ் கிடைக்கும். முதல் வேலையை அனுப்பியதும், உற்பத்திக்குப் பொருந்தாது எண்டு ஒரு வரியில் பதில் வரும். ஏன் எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. தங்களுக்குத் திறமை காணாது எண்டு நினைத்து விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குத் திறமையில் குறைவில்லை. சராசரி எடுக்கத் தெரிந்த, தொடலி வரையத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். அந்தப் புள்ளி ஒரு சராசரியின் உறுப்பு எண்டு ஒரு ஆள் ஒரு பின்னேரம் இருந்து சொல்லியிருந்தால் போதும்.

படிப்பிக்கிறவர்களிடம் எங்களுக்கு இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, மாணவரின் வேலைக்குப் புள்ளி போடும்போது ரெண்டரை மட்டும் பார்க்காதீர்கள். புள்ளிகளையும் சீப்பையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் "இது ஏன் இங்கே?" எண்டு கேளுங்கள். பதில் இல்லாத புள்ளியை அழிக்கச் சொல்லுங்கள். இரண்டு, தமிழில் விளக்குங்கள். கட்டளைகளின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் முடிச்சு ஏன் வடிவத்தை மாற்றாது, படி கூடினால் என்ன நடக்கும் என்பதை, பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்த சொற்களாலேயே சொல்லுங்கள். பிறகு அதை எழுதியும் வையுங்கள். முதலில் கண்டவரின் பெயரை விட வெளியிட்டவரின் பெயர் நின்ற கதையை மேலே பார்த்தோம். எங்களுக்குப் பெயர் முக்கியமில்லை. ஆனால் எழுதாமல் போனால் அடுத்த பிள்ளையும் அறுபதில் இருந்துதான் தொடங்கும்.

தானாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி. ரைனோவை 90 நாள் முழுமையாக இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம், அது காணும். வீட்டில் உள்ள செம்பு, குத்துவிளக்கின் தண்டு, கரண்டி எண்டு மூன்று பொருளைப் படம் எடுங்கள். முதலில் தாளில், அந்த வடிவத்தில் எத்தனை தீர்மானம் இருக்கு எண்டு எழுதுங்கள். பிறகு அந்த எண்ணிக்கைக்குக் கிட்டவாகப் புள்ளி வைத்து வரையுங்கள். படத்தோடு பொருந்தாவிட்டால், புதுப் புள்ளி சேர்க்க முதல் இருக்கிற புள்ளிகளை அரைமணி நேரம் அசைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பொருந்தாவிட்டால் ஒரே ஒரு முடிச்சு. சீப்பைப் போட்டு வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். மூன்றாவது பொருளுக்கு வரும்போது, புள்ளியை எந்தப் பக்கம் தள்ளினால் கோடு எங்கே போகும் எண்டு கை முன்கூட்டியே சொல்லத் தொடங்கும்.

வரைந்த மூன்றையும் எங்களுக்கு அனுப்புங்கள். ரெண்டர் வேண்டாம். புள்ளிகளைத் திறந்தபடி ஒரு படம், சீப்போடு ஒரு படம், இரண்டும் போதும். நல்லவற்றைச் சேர்த்து, எந்தப் புள்ளி ஏன் அங்கே நிற்கிறது என்ற விளக்கத்தோடு தமிழில் ஒரு தொகுப்பாகப் போடுவோம். அடுத்ததாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு அது உதவும்.